திசை சொல்லாத கட்டளை

அந்தப் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டில் இருந்தது. அது எனக்கு அன்று காலையிலேயே தெரியும். தெரிந்தும், பாசன சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பழியை அவள் தலையில் போட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காபி குடித்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மேற்கொண்டு எழுதப்போவதில் உற்சாகம் நிறைய வரும். என்னால் அதை அடக்க முடியாது. கம்ப்யூட்டர் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுபது தாண்டியவன் என்பதே எனக்கு மறந்துவிடுகிறது. அந்த உற்சாகத்தைப் பார்த்து யாரும் என்னை ஒன்றும் தெரியாத அப்பாவிக் கிழவன் என்று நினைத்துவிடக் கூடாது.

கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். காவிரியின் கிளையாறு ஒன்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் எங்கள் ஊரில் தொடங்கி, வழியில் பல மதகுகளைத் தாண்டி, ஒரு சிற்றூரில் போய் முடிகிறது. எங்கள் ஊர் தலைமடை. அந்தச் சிற்றூர் கடைமடை. ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தால் யாருக்கும் யாரோடும் சண்டையில்லை. குறைவாக வரும்போது முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ஒரு மதகு திறந்திருக்கும்போது மற்றவை அடைத்திருக்க வேண்டும். ஒரு தடவை தலைமடையிலிருந்து தொடங்கிக் கீழே போனால், அடுத்த தடவை கடைமடையிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். எங்கள் வாய்க்காலின் வழக்கம் இது. ஆற்றை எப்போது அடைப்பார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. முதலில் பாய்ச்சியவர் தப்பித்தார். கடைசியில் நிற்பவர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அதனால்தான் இப்படி மாற்றி மாற்றி.

எந்த மதகை யார் எப்போது திறப்பது என்று சங்கத்தில் கையால் கணக்குப் போட்டு எழுதி ஒட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அதில் ஏதாவது தகராறு வரும். ஒருநாள் சங்கத் தலைவர் என்னிடம் வந்து, "சார், நீங்கதான் எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டே இருக்கீங்களே, இதை அது செய்யாதா?" என்று கேட்டார். செய்யாதா! என் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் அப்போதுதான் பைதான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் பகா எண்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவனுக்கு, உண்மையான தண்ணீர் ஓடும் உண்மையான வாய்க்கால் கிடைத்தது. தலைவர் டீ குடித்து முடிப்பதற்குள் நான் பாதி யோசித்துவிட்டேன்.

முதலில் எழுதியது சுமாரான வேலை. எந்த வாய்க்கால், மதகுக்கு எத்தனை மணி நேரம், எங்கிருந்து தொடக்கம், எல்லாவற்றையும் ஸ்கிரிப்டின் உள்ளேயே எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு முறைக்கும் அதைத் திறந்து, தேடி, மாற்றி, மூட வேண்டும். ஒரு தடவை மாற்றும்போது ஒரு அடைப்புக்குறியை அழித்துவிட்டு அரை நாள் முழித்தேன்.

பிறகுதான் ஆர்கியுமென்ட் பற்றிப் படித்தேன். ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டுகிறோம். ஓர் இடைவெளி விட்டு, அதற்குப் பின்னால் சில சொற்களைத் தட்டுகிறோம். ஸ்கிரிப்ட் அந்தச் சொற்களை வாங்கிக்கொண்டு அதற்கேற்ப வேலை செய்கிறது. உள்ளே ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம்! கும்பகோணம் காபிக் கடையில் நாம் தினமும் செய்வதுதான். "காபி" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் விருப்பப்படி ஒன்று வரும். "காபி, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்றால் நம் காபி வரும். அடுப்பு அதுதான், பால் அதுதான், பின்னால் சொல்கிற வார்த்தைதான் வித்தியாசம்.

இது கண்ணில் பட்ட காலை நான் ஓரிடத்தில் உட்காரவே இல்லை. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதற்கு ஒரே வேலைதான்: பின்னால் என்ன கொடுத்தாலும் அதைத் திரும்பச் சொல்வது. என் பெயரைக் கொடுத்தேன், சொன்னது. சமையலறையிலிருந்து என் மனைவி, "சாப்பிட வரீங்களா இல்லையா?" என்றாள். அதையும் தட்டினேன், அதையும் சொன்னது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் ஒரு தடவை சொன்னதுக்கே வரல. இப்ப அதுவும் கூப்பிடுதா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சங்கத்து ஸ்கிரிப்டுக்கு 'முறை' என்று பெயர் வைத்தேன். தட்டுவது ஆங்கில எழுத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். 'முறை பெரியவாய்க்கால் 6 கீழிருந்து.' அவ்வளவுதான். என்டர் தட்டியவுடன் பெரிய வாய்க்காலில் மதகுக்கு ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டு, கடைமடையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மதகின் பொறுப்பாளருக்கும் அவரவர் நேரத்தை மெசேஜாக அனுப்பிவிடும். முதல் தடவை ஓடியபோது வாய்க்கால் நெடுக ஒன்றன்பின் ஒன்றாகப் போன்கள் அடித்தனவாம். எங்கள் ஊர் மதகுப் பொறுப்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, "சார், வந்திருச்சு சார், வந்திருச்சு!" என்றார். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததைப் போலச் சொன்னார்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது சொல், அதாவது திசை, கொடுக்கப்படாமல் விட்டுப்போனால் என்ன செய்வது? இதை ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். நான் ஒரு வரி எழுதினேன்: திசை இல்லையென்றால் 'மேலிருந்து' என்று வைத்துக்கொள். யோசித்து எழுதவில்லை. அப்படி யோசிக்க வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் மேலிருந்துதானே வருகிறது? என் நிலம் முதல் மதகில் இருக்கிறது. என் அப்பாவின் நிலமும் அங்கேதான் இருந்தது. வாய்க்கால் என்றால் எங்கள் வயலில் தொடங்குகிற ஒன்று என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். கடைமடைக்காரர் யாராவது அந்த ஸ்கிரிப்டை எழுதியிருந்தால் அந்த வரியை அப்படி எழுதியிருக்க மாட்டார்.

சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் கடைமடைச் சிற்றூரின் மருமகள். முப்பது சொச்சம் வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவள். கணவன் சிங்கப்பூரில் வேலை. மாமனார் குத்தகைக்கு நிலம் எடுத்து சாகுபடி செய்கிறவர். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். தலைவர் தாமதமாக வந்தால், "வாங்க தலைவரே, நேத்து வர வேண்டியவரு இன்னிக்காவது வந்தீங்களே" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஸ்கிரிப்டின் நகல் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. ஆனால் அதை ஓட்ட மட்டும் அவளை விட்டதில்லை. அது என் பொம்மை.

குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்த சமயம். மயிலாடுதுறையில் ஒரு உறவினர் கல்யாணம். நான் மண்டபத்தில் இருந்தபோது அவள் போன் செய்தாள். ஆற்றில் முறைத் தண்ணீர் விட்டுவிட்டார்கள், உடனே நேரம் போட வேண்டும் என்றாள். நாதஸ்வரச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன்: "முறைன்னு தட்டும்மா. அப்பறம் வாய்க்கால் பேரு. அப்பறம் எத்தனை மணி நேரம். அவ்வளவுதான், என்டர் தட்டிரு."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா. மத்ததெல்லாம் அதுவே பாத்துக்கும்."

நான் ஓட்டும்போது மூன்றாவது சொல்லை என் விரல்கள் தாமாகவே தட்டிவிடும். அது ஒரு தனிச் சொல் என்பதே அந்தச் சத்தத்தில் எனக்கு நினைவு வரவில்லை.

அந்தத் தடவை கடைமடையிலிருந்து தொடங்க வேண்டிய முறை. அவள் நான் சொன்னதைத் தட்டினாள். ஸ்கிரிப்ட் ஒரு கேள்வியும் கேட்காமல் மேலிருந்து தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம் மட்டுமே மெசேஜில் வரும் என்பதால் முழு வரிசையை யாரும் பார்க்கவில்லை. கடைமடையில் சிலருக்குச் சந்தேகம் வந்து அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் போட்டது, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தானே. கடைமடைக்கு நேரம் வருவதற்கு முன்பே ஆற்றை அடைத்துவிட்டார்கள். தலைமடையில் என் வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. கடைமடையில் நாற்றங்கால்கள் காய்ந்து வெடித்தன.

கூட்டம் நடந்த அன்று காலை நான் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு வரி. பார்த்தவுடன் புரிந்தது. சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

கடைமடையிலிருந்து டிராக்டரில் வந்திருந்தார்கள். ஒருவர் கையில் காய்ந்த நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். "வெடிப்புல கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போவுது. யாருங்க பதில் சொல்றது?"

தலைவர் என்னைப் பார்த்தார். "இருங்க, இருங்க. சார் வந்திருக்காரு. சார், உங்க கம்ப்யூட்டர் தப்பா போடுமா?"

"கம்ப்யூட்டர் தப்பா போடாது" என்றேன். "நாம தட்டுறதைத்தான் அது செய்யும். எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு கடைசியா ஒரு வார்த்தை தட்டணும். சொல்லியிருந்தேன். மறந்துட்டாங்க போலருக்கு."

அவள் தட்டச்சு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "எப்ப சார் சொன்னீங்க?"

"போன்லதாம்மா."

"போன்ல அவ்வளவுதான்னு சொன்னீங்க சார்."

"கல்யாண வீட்டுச் சத்தத்துல உனக்குச் சரியா கேட்டிருக்காது."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! நாற்பது வருடம் வகுப்பில் நின்று பேசிய குரல். யாரும் சந்தேகப்படவில்லை. கடைமடைக்காரர்களில் ஒருவர், மீசையை முறுக்குகிற வழக்கமுள்ளவர், எழுந்து நின்றார். "தலைமடைல ஆபீசு, தலைமடைக்காரங்க குடுக்குற சம்பளம். அப்பறம் தண்ணி எந்தப் பக்கம் பாயும்? என்னம்மா, நம்ம ஊருக்குத்தானே வாக்கப்பட்ட?"

சிலர் சிரித்தார்கள். அவள் மாமனாரும் அங்கே இருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து வெளியே போனார். மருமகளுக்காக அவர் நிற்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து அந்தக் காய்ந்த நாற்றின் பக்கத்தில் வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். பிறகுதான் காபி வந்தது.

அதற்குப் பிறகும் நான் அந்த வரியை மாற்றவில்லை. மாற்றினால் தப்பு இருந்தது என்று ஆகிவிடும் அல்லவா? ஸ்கிரிப்டை நானே ஓட்டினேன், மூன்றாவது சொல்லை மறக்காமல் தட்டினேன். அவள் வலங்கைமான் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். நல்ல வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஒருநாள் கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நான் கடைசி வரிசையில். அவள் முன்னால், காய்கறிப் பையோடு. அந்த மீசைக்காரர் நடுவில் தொங்கிக்கொண்டு நின்றார். கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்டபோது அவர் குரல் கொடுத்தார். "கண்டக்டர், பாத்துக் குடுங்க. மேலேருந்து கிழிக்கணுமா, கீழேருந்து கிழிக்கணுமான்னு அந்தம்மாகிட்ட கேட்டுட்டுக் கிழிங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. அவள் திரும்பினாள். "உங்களுக்கு இன்னும் பல்லு இருக்குல்ல? எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு நீங்களே சொல்லிருங்க. தட்டுறேன்." அதற்கும் பஸ் சிரித்தது. பதில் சொல்லிவிட்டாள். ஆனால் திரும்பி உட்கார்ந்தபோது அவள் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். இப்படி எத்தனை பஸ்ஸில், எத்தனை ரேஷன் கடை வரிசையில் பதில் சொல்லியிருப்பாள்? நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். என் ஊருக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தேன். நான் செய்ததில் வெட்கப்பட வேண்டியதே அதிகம் என்றாலும், அன்று தொடங்கிய வாரம் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான வாரங்களில் ஒன்று. அதை மறைத்தால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

ஆர்கியுமென்ட்களைக் கவனிப்பதற்கென்றே பைதானில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது! இந்தச் சொல் கட்டாயம் வேண்டும் என்று அதனிடம் சொல்லலாம். இந்த இடத்தில் 'மேலிருந்து', 'கீழிருந்து' இரண்டைத் தவிர வேறு எதையும் ஏற்காதே என்று சொல்லலாம். மணி நேரம் என்ற இடத்தில் எண்தான் வர வேண்டும் என்று சொல்லலாம். திசையை 'திசை' என்று பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்றும் வைக்கலாம்; அப்படியே வைத்தேன். அந்த ஒரு வரியை, திசை இல்லையென்றால் மேலிருந்து என்கிற வரியை, அழித்தேன். அழித்துவிட்டு திசை இல்லாமல் தட்டினேன். நின்றுவிட்டது! ஓடமாட்டேன் என்றது. எது குறைகிறது என்றும் சொன்னது, எப்படித் தட்ட வேண்டும் என்றும் சொன்னது. 'ஆறு' என்று எழுத்தால் தட்டினேன், எண் கொடு என்றது. 'பக்கத்திலிருந்து' என்று தட்டினேன், அப்படி ஒரு திசை கிடையாது என்றது. கிறுக்குத்தனமாகச் சிரித்தேன். பழைய ஸ்கிரிப்ட் எதைக் கொடுத்தாலும் தலையாட்டும். இது தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நின்றது.

அதோடு விடவில்லை. 'ஒத்திகை' என்று ஒரு சொல் சேர்த்தேன். அதைத் தட்டினால் மெசேஜ் யாருக்கும் போகாது, முழு வரிசையையும் திரையில் மட்டும் காட்டும். போன தடவை எங்கிருந்து தொடங்கியது என்பதையும் ஸ்கிரிப்டே நினைவில் வைத்துக்கொண்டு, அதே திசையை மறுபடி கொடுத்தால் எச்சரிக்கும்படி செய்தேன். ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கூடத்தில் ஒரு சுற்று நடப்பேன். என் மனைவி, "மாப்பிள்ளை பாத்த மாதிரி குதிக்கிறீங்களே" என்றாள்.

அந்தக் குதிப்பில் ஒரு தந்திரமும் ஒளிந்திருந்தது. புது ஸ்கிரிப்டைச் சங்கத்தில் கொடுத்து, 'இன்னும் நல்லா பண்ணியிருக்கேன்' என்று சொல்லிவிடலாம். அவளையும் மறுபடி வேலைக்குக் கூப்பிடச் சொல்லலாம். பழையதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. உண்மையில் அந்த எண்ணத்தோடுதான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அவள் யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை காப்பி சார்?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"காப்பி எடுக்க வரலம்மா. ஸ்கிரிப்டைப் புதுசா எழுதியிருக்கேன். இனிமே திசை குடுக்காம விட்டா அது ஓடாது."

"ஓ. அப்ப பழசு ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"மேலேருந்து."

இயந்திரத்தின் மூடியை மூடினாள். "இதை எங்கிட்ட வந்து ஏன் சார் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. எங்க ஊர்ல போய்ச் சொல்லுங்க. பழசை வச்சிருக்கீங்களா, அழிச்சிட்டீங்களா?"

"இருக்கு."

"அதை எங்க ஊர்ல ஓட்டிக் காட்டுங்க. போன்ல நீங்க என்ன சொன்னீங்களோ அதையே தட்டுங்க. உங்க சங்கத்துல வேணாம், எங்க ஊர்ல. தள்ளி நில்லுங்க சார், பின்னாடி ஆளு நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைமடைக்குப் போனேன். ஊர் முகப்பில் ஒரு டீக்கடை. அங்கே பெரிய டிவி ஒன்றில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரிடம் கேட்டு லேப்டாப்பை அதில் ஒயர் போட்டு மாட்டினேன். ஒரே கூச்சல்.

"யோவ், கடைசி ஓவருய்யா!"

"தலைமடைக்காரரு தண்ணியத்தான் நிறுத்துவாருன்னு நெனச்சேன், மேட்சையும் நிறுத்துறாரு!"

அவள் மாமனார் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மீசைக்காரரும் இருந்தார். அவள் வீட்டு வாசலிலிருந்து வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள்.

பழைய ஸ்கிரிப்டைத் திறந்தேன். மெசேஜ் போகாமல் இருக்க நெட்டைத் துண்டித்துவிட்டு, "அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட போன்ல நான் சொன்னது இதுதான். இதை மட்டும்தான் சொன்னேன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினேன். முறை. பெரியவாய்க்கால். மணி நேரம். என்டர். அனுப்ப முடியாமல் நின்ற மெசேஜ்கள் டிவியில் வரிசையாக வந்தன. முதல் பெயர் எங்கள் மதகு. கடைசிப் பெயர் அவர்களுடையது.

நான் பேசினேன். "திசையைத் தட்டணும்னு நான் அவகிட்ட சொல்லவே இல்ல. சொன்னேன்னு கூட்டத்துல சொன்னது பொய். தப்பு இங்கதான் இருக்குன்னு அன்னிக்குக் காலைலயே எனக்குத் தெரியும். உங்க நாத்து காஞ்சதுக்கு நான்தான் காரணம்."

காய்ந்த நாற்றை அன்று மேசையில் போட்டவர் எழுந்தார். "தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"படிச்சவருன்னு நம்புனமேய்யா." இன்னும் சில வார்த்தைகள் சொன்னார். அவற்றை இங்கே எழுத முடியாது. எழுத முடியாது என்றாலும் அவற்றில் ஒன்றுகூடத் தவறு இல்லை. மீசைக்காரர் மட்டும் மீசையைத் தொடாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, புதுசு புதுசுன்னீங்களே, அதை ஓட்டுங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. கூட்டம் வழிவிட்டது. அவளே லேப்டாப்பின் முன் வந்து உட்கார்ந்தாள். 'ஒத்திகை' என்ற சொல்லைக் காட்டினேன். திசை இல்லாமல் தட்டினாள். நின்றது. "நிக்குதுடா!" என்றார் யாரோ. மணி நேரத்துக்குப் பதில் டீக்கடைக்காரர் பெயரைத் தட்டினாள். ஏற்கவில்லை. "என் பேரு செல்லாதாம்" என்றார் கடைக்காரர். கூட்டம் மெல்ல இளகியது. ஆளாளுக்கு எதையாவது தட்டச் சொன்னார்கள். வாய்க்கால் இல்லாத ஊரின் பெயரைக் கொடுத்தார்கள். பூம்புகார்க் கடலைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அது மறுத்தது. என் நெஞ்சு தேர்வு எழுதுகிற பையனின் நெஞ்சாக அடித்துக்கொண்டது.

அப்போது மீசைக்காரர் முதன்முறையாக வாய் திறந்தார். "ரெண்டையும் குடுத்தா?"

"என்னது?"

"கீழேருந்துன்னும் போடு, அதுக்குப் பின்னாடியே மேலேருந்துன்னும் போடு. என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

அவள் தட்டினாள். என்டர். ஒரு நொடியில் வரிசை வந்தது. மறுப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. முதல் பெயர்: எங்கள் மதகு. இரண்டு தடவை திசை கொடுத்தால் கடைசியாகக் கொடுத்ததை அது பேசாமல் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

"மறுபடியும் தலைமடைக்கேவா!" டீக்கடையே அதிர்ந்தது. பெஞ்சைத் தட்டினார்கள். மீசைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சங்கக் கூட்டத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "தள்ளுங்க தள்ளுங்க, சார் உக்காரட்டும்" என்று எழுந்து இடம் விட்டாள். எல்லோரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, அங்கேயே திருத்தினேன். திசை ஒரு தடவைக்கு மேல் வந்தால் நில். அவள் மறுபடி இரண்டையும் தட்டினாள். நின்றது. கைதட்டினார்கள். எனக்கல்ல, மீசைக்காரருக்கு.

கைதட்டல் அடங்கியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார். "பஸ்ல பேசினது... வுட்டுரும்மா."

"நான் வுட்டாலும் என் காது வுடாது. ஒரு டீ வாங்கிக் குடுங்க, பாப்போம்."

மாமனார் பெஞ்சு ஓரத்திலேயே இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தன் போனில் வரும் மெசேஜ்களை மருமகளிடம் காட்டாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவந்தார் என்பது பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "காலைலேருந்து ஏதோ வந்து கெடக்கு. என்னன்னு பாரு."

அவள் வாங்கிப் பார்த்தாள். "ரீசார்ஜ் பண்ணச் சொல்றான் மாமா."

"அதுக்கு எதுக்குடி இத்தனை தடவை கத்துறான்?" என்றார். அவள் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

எனக்கு நடந்தது இது. எங்கள் ஊரில் என் பங்காளி, என் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர், என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். "போயும் போயும் அவங்க ஊருல போய் நம்ம மானத்தை வித்துட்டு வந்திருக்கீங்களேண்ணே" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. சங்கத்திலும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். தலைவர் சாவியை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அவள் உடனே வாங்கவில்லை. ஸ்கிரிப்டை இனி அவள் மட்டும்தான் ஓட்டுவாள், ஓட்டுவதற்கு முன் ஒத்திகை வரிசையைக் கடைமடை டீக்கடையிலும் ஒட்ட வேண்டும் என்றாள். ஒப்புக்கொண்டார்கள். காய்ந்துபோன அந்தப் பருவத்துக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லை. செய்ய முடியும் என்றும் நான் நினைக்கவில்லை.

என்னை அவள் மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. நலம் விசாரித்தால் பதில் வராது. ஸ்கிரிப்டைப் பற்றிக் கேட்டால் வரும். போன மாதம் கடைமடையிலிருந்து தொடங்கும் முறை வந்தது. எங்கள் மதகுப் பொறுப்பாளர் ஊரில் இல்லை. போன் செய்தாள்.

"சார், உங்க மதகு இந்தத் தடவை கடைசி. அடைச்சு வச்சிருங்க."

"சரிம்மா."

"சரின்னா? எந்த மதகு, எப்பலேருந்து எப்ப வரைக்கும்? முழுசா சொல்லுங்க."

சொன்னேன். ஒன்று விட்டுப்போயிற்று. மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். அதன் பிறகே போனை வைத்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு மதகை அடைக்கப் போனேன்.